முதல் கேமிங் கம்ப்யூட்டர்: 60,000 ரூபாயை எதில் எவ்வளவு போடலாம்?

திருச்சியில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு கொட்டேஷனைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். பிளஸ் டூ முடித்துவிட்டு, இன்ஜினியரிங்கில் செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் சேர்ந்திருக்கிறான். "மாமா, 60,000-க்குள்ள கேமிங் பிசி, ஐ7 போட்டுத் தர்றேன்னு சொல்றாங்க. வாங்கிடலாமா?" என்று கேட்டிருந்தான். கொட்டேஷனில் இருந்தவை இவை: கோர் ஐ7-12700எஃப் பிராசசர், எச்610 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் ஒரே குச்சியாக, ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் தரும் பெட்டி) உள்ளேயே பொருத்தி வரும், கலர் விளக்கு எரியும் ஆர்ஜிபி கேபினட்.

வேண்டாம் என்று உடனே பதில் போட்டேன். ஆனால் ஏன் வேண்டாம் என்பதை ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. அந்தப் பட்டியலில் எந்தப் பொருளும் போலி இல்லை. ஐ7-12700எஃப் 12 கோர் கொண்ட (தனித்தனியாக வேலை செய்யும் 12 பகுதிகள்) நல்ல பிராசசர். வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு அது கை கொடுக்கும். ஆனால் கேமில் படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்டு. 1650 வந்தது 2019-இல். 12 கோர் பிராசசர் அந்தக் கார்டுக்காகப் பாதி நேரம் சும்மா காத்திருக்கும். கடைக்காரரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். "ஐ7" என்ற பெயர்தான் விற்கிறது, அப்பா அம்மாவுக்குத் தெரிந்த பெயர் அதுதான். பணம் தவறான பாகத்தில் போய் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அவனுக்காக நான் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மானிட்டருக்கு அக்கா தனியாகப் பணம் தருவதாகச் சொல்லிவிட்டதால், 60,000 முழுவதும் டவருக்கு மட்டும். அவன் தினமும் நண்பர்களோடு விளையாடுவது வேலரன்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம். ஆசைப்படுவது ஜிடிஏ 5, சைபர்பங்க் மாதிரி பெரிய கதை கேம்கள்.

ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும்போது நான் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இதை இப்போது சுமாராக வாங்கினால், இரண்டு வருஷம் கழித்து இதை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா? மாற்ற முடியும் என்றால் அங்கே சிக்கனம் செய்யலாம். இதைத் தொட்டால் இன்னும் இரண்டு பொருளைத் தொட வேண்டும் என்றால், அல்லது இது கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும் என்றால், அங்கே கை வைக்கக் கூடாது.

முதலில், கார்டே இல்லாமல் ஆரம்பிக்கலாமா?

இது நிறைய பேர் சொல்லும் வழி. உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசசர் வாங்கி இப்போதைக்கு ஓட்டு, கார்டை அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். மொத்த பட்ஜெட் 30,000 அல்லது 35,000 என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். வேலரன்ட் குறைந்த செட்டிங்கில் அதில் நொடிக்கு 100 படம், அதாவது 100 ஃபிரேமைத் தாண்டி ஓடும், ஜிடிஏ 5-ஐயும் சமாளிக்கும். ஒரே நிபந்தனை, ரேம் இரண்டு குச்சியாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, ரேமைத்தான் கடன் வாங்குகிறது. ஒரே குச்சி போட்டால் பாதை பாதியாகிவிடும், ஃபிரேமும் அதற்கேற்ப விழும்.

60,000 கையில் இருக்கும்போது அந்த வழி வேண்டாம். 5600ஜி-யும், உள் கிராபிக்ஸ் இல்லாத 5600-உம் பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் உள்ளே வேறு. பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 5600-இல் 32 எம்பி, 5600ஜி-யில் 16 எம்பி. கார்டும் பிராசசரும் பேசிக்கொள்ளும் பாதை 5600-இல் பிசிஐஇ 4.0, ஜி-யில் பழைய 3.0. நாளைக்கு நல்ல கார்டு வாங்கிப் போட்டாலும் அந்தப் பிராசசர் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். 2024-இல் வந்த 8600ஜி இதைவிட நன்றாகவே ஓடும். ஆனால் அதற்கு ஏஎம்5 என்ற புதிய சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) உள்ள போர்டும், புதிய வகை டிடிஆர்5 ரேமும் வேண்டும். அந்தச் செலவுக்கு, 5600 உட்காரும் பழைய ஏஎம்4 சாக்கெட்டில் தனிக் கார்டே வந்துவிடும்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் ஒதுக்கிவிடலாம். அலுவலகங்களில் கழித்த பிராண்டட் டவரை வாங்கி அதில் ஒரு பழைய கார்டைச் செருகி "கேமிங் பிசி" என்று விற்பார்கள். நான்காம் தலைமுறை ஐ5, ஐ7 எல்லாம் இப்படித்தான் வருகின்றன. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் முறைப்படி ஏற்கும். விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். அதாவது அவன் தினமும் விளையாடும் கேமே நின்று போகலாம். போதாததற்கு, அந்த டவர்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் இணைப்பு கம்பெனியின் சொந்த வடிவத்தில் இருக்கும். கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. என் கேள்வியில் அது முதல் படியிலேயே தோற்றுவிடுகிறது.

பிராசசர், போர்டு, ரேம்: மூன்றும் ஒரே முடிச்சு

இந்த மூன்றையும் தனித்தனியாக ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை. பிராசசரைத் தேர்ந்தெடுத்தால் சாக்கெட் முடிவாகிறது, சாக்கெட் முடிவானால் போர்டு, போர்டு முடிவானால் ரேம் வகை. அதனால் நான் மூன்று முடிச்சுகளை எடுத்து வைத்தேன். ரைசன் 5 5600, பி550 போர்டு, டிடிஆர்4 ரேம் ஒன்று. கோர் ஐ5-12400எஃப், அதற்கு எச்610 அல்லது பி660 போர்டு, அதே டிடிஆர்4 ரேம் இன்னொன்று. ரைசன் 5 7500எஃப் அல்லது 7600, பி650 போர்டு, டிடிஆர்5 ரேம் மூன்றாவது.

மூன்று முடிச்சிலும் பிராசசர் 6 கோர், 12 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் 12 வேலை. ஐ3-12100எஃப்-ஐயும் பார்த்தேன். நான்கு கோர், விலை குறைவு, வேலரன்டுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் இப்போது வரும் பெரிய கேம்களில் நகரத்துக்குள் வண்டி ஓட்டும்போதோ கூட்டமான இடத்திலோ நான்கு கோர் திணறும். சராசரி ஃபிரேம் நன்றாகத்தான் காட்டும், ஆனால் நடுநடுவே படம் தடுக்கித் தடுக்கி நிற்கும். விளையாடுபவனுக்கு எரிச்சல் தருவது அந்தத் தடுக்கல்தான். ஆறு கோருக்குக் கீழே போக வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

5600-உம் 12400எஃப்-உம் கேமில் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலும் பெட்டிக்குள் கூலர் வரும், நம் வெயிலுக்கும் அது போதும். வித்தியாசம் போர்டில்தான். 12400எஃப்-க்கு விலை குறைவான எச்610 போர்டு கிடைக்கும், ஆனால் அதில் ரேமுக்கு இரண்டே இடம், கேம்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்குப் பெரும்பாலும் ஒரே இடம், மின்சாரப் பகுதியும் மெல்லியது. பிறகு ஒரு பெரிய பிராசசர் போட நினைத்தால் அந்தப் போர்டு தாங்காது. பி660 எடுத்தால் விலை 5600 முடிச்சோடு சமமாகிவிடும். ஏஎம்டி பக்கம் ஏ520 என்ற மலிவான போர்டும் உண்டு. அதில் கார்டுக்கான பாதை பிசிஐஇ 3.0 மட்டுமே. இந்த விலையில் வரும் கார்டுகள் பலவும் 16 லேனுக்கு (தகவல் போகும் தடம்) பதில் 8 லேனோடுதான் வருகின்றன. பாதையும் பழையது, லேனும் பாதி என்றால் இழப்பு தெரியும். அதனால் ஏ520 வேண்டாம், பி550 என்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது முடிச்சுக்கு வருகிறேன். இங்கேதான் என் கேள்வி எனக்கே எதிராகத் திரும்பியது. ஏஎம்4 சாக்கெட் 2016-இல் ஆரம்பித்தது, அதன் பயணம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஏஎம்5-க்கு 2027 வரையும் அதற்குப் பிறகும் புதுப் பிராசசர்கள் வரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. "பின்னால் தனியாக மாற்றலாமா" என்று கேட்டால் ஏஎம்5 தான் பதில். நான்கு வருஷம் கழித்துப் பிராசசரை மட்டும் கழற்றிப் புதிதைப் போடலாம். ஏஎம்4-இல் அன்றைக்கு மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டு நாள் இதையே யோசித்தேன். ரேம் விலைதான் முடிவு சொன்னது. 2025-இன் கடைசி மாதங்களில் உலகத்தின் நினைவகச் சிப்புகள் டேட்டா சென்டர்களுக்குப் போகத் தொடங்கியதும், கடையில் ரேம் விலை ஏறிய வேகம் எல்லோருக்கும் தெரியும். பல டிடிஆர்5 கிட்டுகள் இரண்டு மடங்கைத் தாண்டின. மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில், க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டது. 60,000-க்குள் ஏஎம்5 போனால், போர்டும் ரேமும் சாப்பிட்ட பணத்தைக் கார்டில் இருந்துதான் பிடுங்க வேண்டும். நாளைக்கு ஒரு பிராசசர் மாற்றும் வசதிக்காக, இன்றைக்குப் பையன் விளையாடும் கேமைக் கெடுப்பது நியாயமாகப் படவில்லை. பட்ஜெட் 75,000 என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏஎம்5 சொல்லியிருப்பேன்.

ஏஎம்4-இல் ஒரு ஆறுதலும் உண்டு. அதே பி550-இல் எட்டு கோர் 5700எக்ஸ்-ஐ அப்படியே பொருத்தலாம். ஏஎம்4-இல் இருந்து மாறிப் போகிறவர்கள் தங்கள் பழைய பிராசசரை விற்றுக்கொண்டே இருக்கிறார்கள்.

ரேமைப் பொறுத்தவரை 16 ஜிபி வேண்டும், 8 ஜிபி குச்சி இரண்டு. டிடிஆர்4-இல் 3200 வேகம் போதும். நான்கு இடம் உள்ள போர்டு எடுத்தால், விலை இறங்கும்போது இன்னும் இரண்டு குச்சி சேர்த்து 32 ஆக்கிக்கொள்ளலாம். பழைய பொருள் வாங்க எனக்குப் பயம் இல்லாத ஒரே பாகமும் ரேம்தான். அதில் தேயும் பாகம் எதுவும் இல்லை. ஒரு இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட விட்டு, பிழை இல்லை என்றால் தாராளமாக வாங்கலாம்.

கிராபிக்ஸ் கார்டு

மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், 40 சதவீதம் வரை இதற்கே. அதாவது 22,000-இல் இருந்து 24,000 வரை ஒதுக்கினேன். இந்த எல்லையிலும் அதன் ஓரத்திலும் இருக்கும் கார்டுகளில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரைக் கேட்டதும் அவன் கண் விரிந்தது. ஆனால் அந்தப் பெயரில் இரண்டு கார்டுகள் இருக்கின்றன. 2022-இல் வந்தது 8 ஜிபி. 2024 பிப்ரவரியில் வந்தது 6 ஜிபி. நினைவகம் மட்டும்தான் குறைவு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். உள்ளே கோர்களும் குறைவு, நினைவகப் பாதை 128 பிட்டில் இருந்து 96-க்கு இறங்கிவிட்டது. அதற்கு ஒரே ஒரு நல்ல குணம் உண்டு. 70 வாட்தான் எடுக்கும், எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து தனி ஒயர் வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய டவர் இருந்து, அதில் கார்டு மட்டும் சேர்ப்பவருக்கு அது சரி. புதிதாகக் கட்டுபவருக்கு வேண்டாம்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 பல வருஷமாகக் குறைந்த பட்ஜெட்காரர்களின் நண்பன். 2021 அக்டோபரில் வந்தது, 8 ஜிபி, 132 வாட். 1080பி திரையில் 3050-இன் 8 ஜிபி கார்டையே கணிசமாக முந்தும். அதற்கு இரண்டு குறைகள். குறைந்த தெளிவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கி ஃபிரேமைக் கூட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் கிடையாது. அதற்கு ஏஎம்டியின் மாற்றான எஃப்எஸ்ஆர் உண்டு, ஆனால் படத்தின் தெளிவு டிஎல்எஸ்எஸ் அளவுக்கு வராது. புதிய எஃப்எஸ்ஆர் 4-ஐ ஏஎம்டி ஆர்எக்ஸ் 9000 வரிசைக்காகத்தான் கொண்டுவந்தது. இரண்டாவது, என்விடியா கார்டில் கேம் அல்லாத கணக்கு வேலைகளைச் செய்ய உதவும் கூடா மென்பொருள் இல்லை. செயற்கை நுண்ணறிவு படிக்கும் பிள்ளைக்கு கூடா தேவைதானே என்று அக்காவே கேட்டாள், யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் இது: முதல் வருஷம் கணக்கும் சி-யும் பைத்தானும்தான் இருக்கும், கார்டே தேவைப்படாது. பிறகு தேவைப்பட்டாலும் கூகுள் கோலாபில் 16 ஜிபி நினைவகம் உள்ள டி4 கார்டை இலவசமாகவே, நேரக் கட்டுப்பாட்டோடு, பயன்படுத்தலாம். படிப்பை மட்டும் காரணமாக வைத்துக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஆனால் விலை நெருங்கி வந்தால் கூடா உள்ளதையே எடுக்கலாம்.

இன்டெலின் ஆர்க் பி580 என்னை மிகவும் இழுத்தது. 2024 டிசம்பரில் வந்தது, 12 ஜிபி, 192 பிட் பாதை. இந்த விலையில் 12 ஜிபி தருவது பெரிய விஷயம். ஆனால் அதன் டிரைவர் பிராசசரிடம் நிறைய வேலை வாங்குகிறது. 5600 மாதிரி கொஞ்சம் பழைய பிராசசரில் போட்டால் பல கேம்களில் அது சோர்ந்துவிடுவதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். பிராசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே நேரத்தில் அணுக விடும் ரீசைசபிள் பார் வசதியை பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்) ஆன் செய்யாவிட்டால் இன்னும் மோசம். ஏஎம்5 முடிச்சோடு சேர்த்தால் அது முதல் இடத்துக்கு வரும். என் அக்கா மகனின் முடிச்சுக்கு அது பொருந்தவில்லை. கார்டை மட்டும் தனியாக ஒப்பிடும் வீடியோக்களைப் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

மீதி இருந்தது ஆர்டிஎக்ஸ் 5050, 8 ஜிபி. 2025 ஜூலையில் 249 டாலர் என்று வந்தது. முந்தின தலைமுறை 4060-ஐக் கிட்டத்தட்ட எட்டிப் பிடிக்கும், 130 வாட், கூடா உண்டு, டிஎல்எஸ்எஸ்ஸின் புதிய வடிவமும் உண்டு. இதற்கு மேலே 5060, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி என்று ஏணி போய்க்கொண்டே இருக்கும். "இன்னும் மூவாயிரம் போட்டால்" என்று ஒவ்வொரு படியிலும் தோன்றும். நான் இரண்டு கார்டில் நிறுத்திக்கொண்டேன். 6600-க்கும் 5050-க்கும் வித்தியாசம் 4,000 ரூபாய்க்குள் இருந்தால் 5050, அதற்கு மேல் போனால் 6600. கார்டு தனியாக மாற்றக்கூடிய பாகம். மூன்று வருஷம் கழித்து விற்றுவிட்டுப் புதிது வாங்கலாம். அதனால் இந்த முடிவு சற்றுத் தவறிப்போனாலும் பெரிய நஷ்டம் இல்லை.

பழைய கார்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆர்எக்ஸ் 580 இன்னும் மலிவாக எல்லா இடத்திலும் கிடைக்கிறது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளால் கணக்குப் போட்டு நாணயம் எடுக்கும் மைனிங் முறையைக் கைவிட்டதும், அதுவரை இரவு பகலாக அந்த வேலை செய்த கார்டுகள் எல்லாம் சந்தையில் வந்து கொட்டின. அவற்றைத் துடைத்து, புது விசிறி போட்டு, பெட்டியில் வைத்து விற்கிறார்கள். "580 2048எஸ்பி" என்று எழுதியிருந்தால் அது உண்மையில் 570 அளவு சிப்தான். இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணக்கிடும் ரே ட்ரேசிங் வன்பொருள் கார்டில் இல்லாவிட்டால் திறக்கவே திறக்காத கேம்கள் வரத் தொடங்கிவிட்டன. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் அப்படி. 580-உம், அந்தக் கொட்டேஷனில் இருந்த 1650-உம் அந்த வாசலிலேயே நின்றுவிடும். பழையது வாங்கியே தீர வேண்டும் என்றால் 6600-க்குக் கீழே போகாமல், அசல் ஜிஎஸ்டி பில்லோடு, வாரன்டி மிச்சம் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். நேரில் அரை மணி நேரம், கார்டை முழுச் சுமையில் சோதிக்கும் ஃபர்மார்க் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்: இதில் மட்டும் என்னோடு வாதாட வேண்டாம்

என் முதல் கம்ப்யூட்டரில் கேபினட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ்தான் இருந்தது. மேலே 450 வாட் என்று பெரிதாக எழுதியிருந்தது. ஒரு ஐப்பசி மழை நாளில் கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது டப்பென்று ஒரு சத்தம், பிறகு கருகிய வாடை. அது மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அந்த டிஸ்க்கில் இருந்தன. இன்றைக்கும் அந்தப் படங்கள் எங்களிடம் இல்லை.

அதனால் இந்தப் பாகத்தில் நான் பேரம் பேசுவதில்லை. கணக்குப் போட்டால் 5600 விளையாடும்போது 90 வாட்டைத் தாண்டாது, கார்டு 130, மற்றதெல்லாம் சேர்த்தும் 300-க்குள் அடங்கும். உண்மையான 450 வாட் போதும். அடுத்த கார்டு கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் தாங்கட்டும் என்று 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் எடுக்கச் சொன்னேன். கோர்செயர் சிஎக்ஸ்550, டீப்கூல் பிகே550டி மாதிரி. ஒன்றை மறக்க வேண்டாம், 80 பிளஸ் என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான சான்று மட்டுமே, உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்துக்கு அது பொறுப்பேற்காது. அதனால் வாரன்டி எத்தனை வருஷம் என்பதையும் பார்க்க வேண்டும். ஐந்து வருஷம் தருகிற கம்பெனிக்கு அதன் பொருளின் மேல் நம்பிக்கை இருக்கிறது.

கூடவே, கம்ப்யூட்டர் வைக்கப்போகும் இடத்தில் பிளக் பாயின்ட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்றால் பெரும்பாலும் எர்த் இல்லை என்று அர்த்தம். 600 விஏ யூபிஎஸ் என்பது பெரும்பாலும் 360 வாட். இந்த மெஷினையும் மானிட்டரையும் சில நிமிஷம் தாங்கும், கேமைச் சேமித்து மூடிவிட அது போதும்.

மற்றவை

எஸ்எஸ்டியில், போர்டிலேயே நேராகச் செருகும் வேகமான என்விஎம்இ வகை, 1 டிபி. பால்டர்ஸ் கேட் 3 மட்டுமே 150 ஜிபி கேட்கிறது. விண்டோஸையும் சேர்த்தால் 500 ஜிபி மூன்று கேமில் நிரம்பிவிடும். பணம் இடித்தால் இப்போது 500 வாங்கி, போர்டில் இருக்கும் இரண்டாவது இடத்தில் பிறகு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். எஸ்எஸ்டி ஜென் 3-ஆ (பிசிஐஇ 3.0) ஜென் 4-ஆ (4.0) என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கேம் திறக்கும் நேரத்தில் வித்தியாசம் சில நொடிகள்தான்.

கேபினட்டில் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை வேண்டும். மே மாதத்துத் திருச்சியில் அறையே 38, 40 டிகிரியில் இருக்கும்போது, மூடின கண்ணாடிக்குள் கார்டு எங்கிருந்து காற்று வாங்கும்? முன்னால் இரண்டு விசிறி, பின்னால் ஒன்று, கழற்றிக் கழுவக்கூடிய தூசி வலை. விளக்கு எரிகிறதா என்பது அவன் இஷ்டம். அவனுக்கு அது வேண்டும் என்றான், சரி என்றேன். முதல் கம்ப்யூட்டர், ஆசையாக இருக்கும்.

மானிட்டர் 24 இன்ச், 1080பி, ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத திரை), 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) அல்லது அதற்கு மேல். வேலரன்ட் ஆடுபவனுக்கு 60 ஹெர்ட்ஸில் இருந்து 144-க்குப் போவது கார்டு மாற்றுவதைவிடப் பெரிய மாற்றம்.

வாங்கின அன்று

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அவனும் நானும் சேர்ந்தே போனோம். நரசிங்கபுரம் தெருவில் நான்கு கடை ஏறி, ஒரே பட்டியலைக் கொடுத்துக் கொட்டேஷன் வாங்கினோம். இரண்டு கடையில் பிராசசர் மட்டும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. கேட்டால் "ட்ரே பீஸ் சார்" என்றார்கள். பெட்டி இல்லாமல் வரும் பிராசசர் அது. கூலர் வராது, ஏஎம்டி பெட்டிக்குத் தரும் மூன்று வருஷ வாரன்டியும் கிடையாது, கடை சொல்லும் வாரன்டிதான். பெட்டியோடு இருப்பதையே எடுத்தோம். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்கினோம். நாளைக்கு சர்வீஸ் சென்டரில் போய் நிற்கும்போது அந்த எண்தான் பேசும்.

கார்டில், 5050-க்கும் 6600-க்கும் வித்தியாசம் நான் வைத்த எல்லைக்குள் வந்தது. 5050 எடுத்தோம். ரேம் விலையைப் பார்த்து எஸ்எஸ்டியை 500 ஜிபியாகக் குறைத்தோம். அதுதான் நான் விட்டுக்கொடுத்த ஒரே இடம்.

வீட்டில் அசெம்பிள் செய்து முடித்து ஆன் செய்தபோது திரை கறுப்பாகவே இருந்தது. அவன் முகம் வாடிவிட்டது. எச்டிஎம்ஐ ஒயரை மதர்போர்டில் செருகியிருந்தான். 5600-இல் உள் கிராபிக்ஸ் கிடையாது, ஒயர் கார்டில்தான் போக வேண்டும். மாற்றிச் செருகியதும் படம் வந்தது. அப்புறம் ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பியை பயாஸில் ஆன் செய்தோம், இல்லையென்றால் 3200 ரேம் 2400-இலோ 2666-இலோ ஓடிக்கொண்டிருக்கும். கடைசியாக விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் போய் 60 ஹெர்ட்ஸை 144 ஆக்கினோம். பலர் வருஷக்கணக்கில் இதைச் செய்யாமலே 144 மானிட்டரை 60-இல் ஓட்டுகிறார்கள். மவுஸ் அம்புக்குறியை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுவே வழுக்கிட்டுப் போகுது" என்றான்.